பார்த்துக்கொள்பவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்: பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் முதல் சில மாதங்கள்

அப்பாவைக் கட்டிலில் இறக்கிப் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் கிளம்பிப் போனார்கள். நானும் என் மனைவியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். மணி மாலை நாலரை. மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் அவரை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்படிச் சோறு ஊட்டுவது, ராத்திரி யார் விழித்திருப்பது, எதுவுமே தெரியவில்லை. அப்பாதான் முதலில் பேசினார். நாக்கு குழறியபடி, "போய்க் காபி குடிங்க ரெண்டு பேரும்" என்றார்.

அவருக்கு அப்போது 74 வயது. அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன, வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார். இந்த இடைப்பட்ட காலத்தில் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். படுக்கையில் இருக்கும் ஒருவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது ஒன்று. நமக்கு ஒருவர் செய்ய வந்தால் அதை வாங்கிக்கொள்வது இன்னொன்று. முதலாவதை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டாவதற்கு நான்கு மாதமும், ரேஷன் கடை வாசலில் ஒரு மயக்கமும் தேவைப்பட்டன. இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவது இல்லாமல் முதலாவது நெடுநாள் ஓடாது.

பக்கவாதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவர்கள், முதுமையில் எழுந்து நடக்க முடியாதவர்கள் வீட்டிலும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் உங்கள் வீட்டு நோயாளிக்கு மருத்துவரும் செவிலியரும் தனியாக ஒன்றைச் சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்

டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்து, வண்டி என்று எல்லாமே அவசரம். கேள்வி கேட்க நேரமே இருக்காது. அதனால் அதற்கு இரண்டு நாள் முன்பே வார்டில் இருக்கும் செவிலியரிடம், "நாளைக்கு நீங்க திருப்பிப் படுக்கவைக்கும்போது நான் செய்யறேன், பக்கத்துல நின்னு பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். பார்த்துக் கற்பதும் கைபோட்டுக் கற்பதும் வேறு வேறு. பிசியோதெரபிஸ்ட்டிடமும் அப்படியே. நோயாளி சம்மதித்தால் அவர் சொல்லித்தரும் பயிற்சிகளைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டே ஆக வேண்டியவை: விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, தண்ணீர் நேரடியாகக் கொடுக்கலாமா? மூக்கில் குழாயோ சிறுநீர்க் குழாயோ இருந்தால் எப்போது மாற்ற வேண்டும், யார் மாற்றுவார்கள்? ரத்த அழுத்தம் எந்த அளவுக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும்? எந்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும், "இப்பதான் நல்லா இருக்காரே" என்று நிறுத்திவிட்டு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்த குடும்பங்களை பிசியோதெரபி அறையின் பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து, சாப்பாடு, சிறுநீர், மலம், எந்தப் பக்கம் படுத்தார், பிரஷர் எவ்வளவு, எல்லாம் நேரத்தோடு அதில் போகட்டும். அது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டிலும் அறையும்

கயிற்றுக் கட்டில் வேண்டாம், நடுவில் தொய்ந்துவிடும். தரையில் பாய் போட்டால் உங்கள் இடுப்பு போய்விடும். அவர் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிகிற உயரம் வேண்டும். இரண்டு பக்கமும் நீங்கள் போய்வர இடம் வேண்டும், சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். மருத்துவமனைக் கட்டில் பல ஊர்களில் மாத வாடகைக்கே கிடைக்கிறது. முதல் நாளே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கமோடு நாற்காலி, யூரின் பாட்டில், பெட் பேன் மூன்றும் கட்டாயம். கதவுக்கு வைக்கும் ரிமோட் காலிங் பெல் ஒன்றை வாங்கி, பொத்தானை அவருடைய நல்ல கைப்பக்கம் கட்டிவிடுங்கள். அப்பாவுக்கு அந்தப் பெல் வந்த பிறகுதான் "யாராவது இருக்கீங்களா" என்று கூப்பிடும் குரலில் இருந்த பயம் போனது.

திருப்பிப் படுக்கவைப்பது

படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும். வராமல் தடுப்பது அதைவிட எவ்வளவோ எளிது. ஒரே இடத்தில் எலும்பு அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தத் தோலுக்கு ரத்தம் போவது குறைந்து, தோல் உள்ளிருந்து சாகத் தொடங்குகிறது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பச் சொல்கிறார்கள். இடது, நேர், வலது, மறுபடி இடது.

பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் விரித்துவையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. வெறும் கையால் இழுத்தால் உரசும், அந்த உரசலிலேயே தோல் கிழியலாம். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது முழுதாகப் பக்கவாட்டில் சாய்க்காதீர்கள், இடுப்பெலும்பு நேராக அழுந்தும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. நேராகப் படுத்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் படுக்கையைத் தொடாமல் மிதக்கும்படி.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை, காது. தோல் சிவந்தால் ஆபத்து என்று எல்லோரும் சொல்வார்கள். நம்மில் பலருடைய நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது! பக்கத்துத் தோலைவிடக் கருத்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் இனி எடை விழக் கூடாது, செவிலியரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், ஸ்பிரிட் தடவாதீர்கள், டயர் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள மெத்தையில் உட்காரவைக்காதீர்கள். மூன்றையும் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள், மூன்றுமே கெடுதல்.

காற்று நிரம்பும் ஆல்பா பெட் நல்ல உதவி. ஆனால் அது இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும், கரண்ட் போனால் காற்றும் போகும். ராத்திரியில் இடைவெளியைக் கூட்டலாமா என்பதைத் தோலையும் மெத்தையையும் பார்த்துச் செவிலியர் சொல்லட்டும். எங்களுக்கு ஆறாவது வாரத்தில் அந்த அனுமதி கிடைத்தது, அன்று தூங்கின தூக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

சாப்பாடு: ரசம் சாதத்தில் உள்ள சிக்கல்

பக்கவாதம் வந்தவர்களில் நிறைய பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவது சிரமம். உணவுக் குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக் குழாய்க்குள் போய்விட்டால் நிமோனியா வரலாம். இந்த நோயில் உயிருக்கு ஆபத்து வரும் வழிகளில் அது முக்கியமானது. குடிக்கும்போது இருமல், சாப்பிட்ட பிறகு தொண்டையில் சளி கட்டினது போலக் கரகரத்த குரல், வாயில் சோறு தங்கிவிடுவது, இவை இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊட்டும் முறை இதுதான். நன்றாக விழித்திருக்கும்போது மட்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, அரை டீஸ்பூன் அளவாக. ஒரு வாய் விழுங்கின பிறகே அடுத்தது. நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அப்போது மூச்சுக் குழாய் திறக்கும். அவருக்கு எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். முடிந்ததும் வலுவில்லாத பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், வாயைச் சுத்தம் செய்யுங்கள், அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

நம் வீடுகளில் உடம்பு முடியாதவர் என்றாலே கை போவது ரசம் சாதத்துக்கு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அதுதான் கடினமான உணவுகளில் ஒன்று என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபோது எங்களால் நம்ப முடியவில்லை. வாய்க்குள் போனதும் ரசம் தனியாக ஓடும், பருக்கை தனியாக நிற்கும். நாக்குக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் சமாளிக்கத் தெரியாது. குழைய மசித்த பருப்புச் சாதம், கெட்டியான கூழ், தயிரோடு ஒன்றாகக் குழைத்த சாதம் இவை ஒரே பதத்தில் இருப்பதால் எளிதாக இறங்கும். தண்ணீருக்கும் இதே கதைதான். சிலருக்குச் சில வாரங்கள் கெட்டிப்படுத்திய பானம்தான் கொடுக்கச் சொல்வார்கள்.

இன்னொன்று. அப்பா தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு இடது பாதியை அப்படியே விட்டுவிடுவார். பிடிக்கவில்லை போல என்று என் மனைவி வருத்தப்பட்டாள். உண்மையில் மூளையின் வலது பக்கம் அடிபட்டால் இடது பக்க உலகமே கவனத்தில் இல்லாமல் போகலாம், கண் நன்றாக இருந்தாலும். தட்டைத் திருப்பிவைத்தோம், மீதியைச் சாப்பிட்டார்.

குளியல், உடை, கழிப்பறை: வாங்கிக்கொள்பவரின் பக்கம்

முதல் வாரம் நான் துடைத்துவிடும்போதெல்லாம் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதை நான் பிடிவாதம் என்று நினைத்தேன். ஐந்து வயதில் என்னைக் குளிப்பாட்டிய கை, இப்போது என் கையால் குளிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு அது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு நாளாயிற்று.

அதனால் இந்த வேலைகளில் நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: தொடும் முன் சொல்லிவிடுவது. "அப்பா, இப்ப முதுகு துடைக்கப் போறேன்." துடைக்கும் இடம் தவிர மற்றதைத் துண்டால் மூடியே வைப்பது. கதவைச் சாத்துவது. அவரால் முடிகிறதை அவரையே செய்யவிடுவது. ஈரத்துணியை நல்ல கையில் கொடுத்துவிட்டால் முகம், மார்பு, தொடை எல்லாம் அவரே துடைத்துக்கொள்வார். நாம் செய்தால் ஐந்து நிமிடம், அவர் செய்தால் இருபது. அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சட்டை போடும்போது வலுவில்லாத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். பனியனைவிட முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை எளிது. மலச்சிக்கல் பலருக்கும் வரும். காலையில் வெந்நீரோ காபியோ குடித்த பிறகு குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் தினமும் கமோடில் உட்காரவையுங்கள். டயப்பரை நேரம் பார்த்து மாற்றுங்கள். சிறுநீர்க் குழாயோடு மாட்டியிருக்கும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பி ஓடிக் கிருமி ஏறும்.

எழுப்பி உட்காரவைக்கும்போது வலுவில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். வீல்சேரை நல்ல பக்கம் வைத்து பிரேக் போடுங்கள். உங்கள் காலை அகட்டி, முழங்காலை மடக்கி நில்லுங்கள். அவர் முன்னால் நன்றாகக் குனிந்த பிறகே எழச் சொல்லுங்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். இதைப் படித்துக் கற்க முடியாது, பிசியோதெரபிஸ்ட் முன்னால் நாலு தடவை செய்து பாருங்கள்.

அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பிட மறுப்பது, பயிற்சிக்கு வரமாட்டேன் என்பது, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை. "வீம்பு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது, பலனும் தெரியும்.

அதோடு, நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருப்பது யாராலும் தாங்க முடியாத ஒன்று. அப்பாவிடம் பால் கணக்கைக் கொடுத்தோம். அப்புறம் தண்ணீர் கேன், காய்கறி, மெடிக்கல் கடை பில். முப்பது வருடம் சில்லறை எண்ணிய வலது கை நன்றாகத்தான் இருந்தது. முதல் மாதக் கடைசியில் பால்காரர் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் படுக்கவைக்கும் நேரத்தையும் அவர் பொறுப்பிலேயே விட்டோம். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டினோம், நேரம் ஆனதும் அவரே பெல் அடிப்பார். உங்கள் வீட்டில் அது பூண்டு உரிப்பதாக இருக்கலாம், பேரனுக்கு வாய்ப்பாடு கேட்பதாக இருக்கலாம். பேசவே முடியாதவராக இருந்தால்கூட, இன்றைக்கு என்ன சட்டை என்பதை அவர் கண்ணாலோ விரலாலோ காட்டித் தேர்ந்தெடுக்கட்டும்.

உங்களுக்கு வருவதை வாங்கிக்கொள்ளுங்கள்

நான்காவது மாதம். பத்து நாளாக ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை. எனக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. அப்பாவின் மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. என்னுடையது எத்தனை நாள் தவறியது என்று எனக்கே தெரியாது. ரேஷன் கடை வரிசையில் நின்றவன் அப்படியே சரிந்துவிட்டேன். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது எங்கள் மாடி வீட்டு அக்கா. அப்பா வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து "ஏதாவது வேணும்னா சொல்லுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நான் ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லக்கா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றைக்குக் கோபமாகவே கேட்டார்: "நீ விழுந்தா அவரை யாருப்பா தூக்குவாங்க?"

உதவி கேட்பது கடன் வாங்குவது போல என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. பெற்ற அப்பாவுக்குச் செய்ய அடுத்தவரைக் கூப்பிடுவதா என்ற வீம்பும். உங்களுக்கும் அது இருந்தால், நான் அதற்குப் பிறகு செய்ததைச் செய்து பாருங்கள்.

காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம், ஒரு வாரத்தில் வீட்டில் நடக்கும் எல்லா வேலைகளையும் எழுதினேன். நாற்பதுக்கு மேல் வந்தது. அதில் பழகினவர் மட்டுமே செய்யக்கூடியவை: ஊட்டுவது, திருப்புவது, கட்டிலிலிருந்து இறக்குவது. மற்ற எல்லாம் யாரும் செய்யலாம். மெடிக்கல் கடைக்குப் போவது, இட்லி மாவு அரைத்துத் தருவது, கரண்ட் பில், துணி மடிப்பது, ஒரு மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவது. முக்கால்வாசி அந்தப் பக்கம்தான் இருந்தது.

அடுத்து, கேட்கும் முறை. "முடிஞ்சா வாங்க" என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, என்ன செய்ய என்று அவர்களுக்குத் தெரியாது. "அக்கா, ஞாயித்துக்கிழமை பத்துலருந்து ஒரு மணி வரைக்கும் அப்பா பக்கத்துல இருக்க முடியுமா? சாப்பாடு கொடுக்க வேண்டாம், பெல் அடிச்சா எனக்கு போன் பண்ணா போதும்" என்று நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். அக்கா அன்றிலிருந்து இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வந்தார். அவர் துணி மடிப்பது என் மனைவி மடிப்பது போல இருக்காது. அதைத் திருத்தப் போகாதீர்கள். வந்த உதவியை மேற்பார்வை பார்த்தால் அது அடுத்த வாரம் வராது.

அண்ணன் ஓசூரில் இருக்கிறான். மாதம் பணம் அனுப்பினான், போனில் விசாரித்தான், அதோடு சரி. எனக்கு உள்ளுக்குள் குமைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் நோட்டைப் படம் எடுத்து, ஒரு ராத்திரி முழுக்க எழுதியிருந்த பக்கத்தை மட்டும் அனுப்பினேன். 10.10 இடது, 12.05 நேர், 1.20 சிறுநீர், 2.00 வலது, 2.40 இருமல், 4.00 இடது. அண்ணன் உடனே கூப்பிட்டான். அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி வந்து ஞாயிறு மாலை வரை அவன் பொறுப்பு. குறை சொல்வதைவிட அந்தப் பக்கம் நன்றாகப் பேசியது.

இங்கே ஆண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்கள் பார்த்துக்கொண்டோம்" என்று நான் எழுதுகிற இடங்களில் பாதிக்கு மேல் செய்தது என் மனைவி. டயப்பர் மாற்றுவது, மசித்துச் சமைப்பது, துணி அலசுவது எல்லாம் யாரும் சொல்லாமலே அவள் தலையில் விழுந்தன. ரேஷன் கடையில் நான் விழுந்தேன், எல்லோரும் ஓடி வந்தார்கள். அவள் அதற்கு முன்பே எத்தனையோ தடவை உள்ளுக்குள் விழுந்திருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. வேலைப் பட்டியல் எழுதும்போது ஒவ்வொன்றின் எதிரேயும் இப்போது யார் செய்கிறார் என்று பெயர் எழுதுங்கள். அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தால் போதும்.

அப்புறம் உங்கள் உடம்பு. ஒருநாள் விட்டு ஒருநாளாவது தொடர்ந்து ஆறு மணி நேரத் தூக்கம் வேண்டும், இரவுகளைப் பிரித்துக்கொள்ளாமல் அது நடக்காது. அவர் மாத்திரைப் பெட்டி பக்கத்திலேயே உங்கள் மாத்திரைப் பெட்டியையும் வையுங்கள். அவருக்குப் பிரஷர் பார்க்கும்போது உங்களுக்கும் பாருங்கள்.

மனது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் வரும். கத்திவிட்டுப் பிறகு கொல்லைப்புறம் போய் நின்று அழுவீர்கள். "இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று ஒரு நினைப்பு சில ராத்திரிகளில் வரும். எனக்கு வந்தது. வந்ததால் அன்பு இல்லை என்று ஆகாது, அளவுக்கு மீறிக் களைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நெருங்கியவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால் அவரைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், அன்றே வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

ஊரிலும் அரசிலும் கிடைக்கும் உதவி

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும், வலி தணிப்புச் சிகிச்சைச் செவிலியர் வருகையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது ஐந்தாவது மாதம். அதுவரை பிசியோதெரபிக்காக ஆட்டோவுக்கே ஏகப்பட்டது செலவழித்திருந்தோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், பராமரிப்பு உதவித்தொகை போன்றவற்றுக்கு அதுதான் வழி. முதியோர் உதவி எண் 14567.

கேரளத்தில் இதை ஊரே சேர்ந்து செய்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு வலி தணிப்பு மையமாகத் தொடங்கியது, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் படுக்கையில் இருப்பவரின் வீடு தேடிப் போகும் அமைப்பாகப் பரவியது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நம் தெருவில் அப்படி ஒன்று இல்லையென்றாலும் மாடி வீட்டு அக்காவைப் போல் இரண்டு பேர் கிடைத்தால் பாதி தூரம் வந்துவிடலாம்.

உடனே 108ஐக் கூப்பிட வேண்டியவை

வாய் ஒரு பக்கம் கோணுவது, கையோ காலோ திடீரென்று மேலும் வலுவிழப்பது, பேச்சு புதிதாகக் குழறுவது, பார்வை மங்குவது, நிலைதடுமாறுவது. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் வழக்கம்போல் இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், மாத்திரைகூட. மூச்சுத்திணறலுக்கும் எழுப்பினாலும் விழிக்காத மயக்கத்துக்கும் இதே எண். காய்ச்சலோடு இருமல், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, சிறுநீர் வராமல் நிற்பது, இவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வேறொருவரிடம் ஒப்படைக்கும் முதல் இரவு

நோட்டு எதற்கு என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? இதற்குத்தான். நீங்கள் தூங்கப் போகும் முதல் இரவில், பார்த்துக்கொள்ள வந்தவர் கையில் அதைக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்: எந்தக் கை வலுவில்லாதது, என்ன பதத்தில் சாப்பாடு, தண்ணீர் எப்படி, ராத்திரி மாத்திரை எது, மருத்துவர் எண், உங்கள் எண். ஒரு தடவை நீங்கள் திருப்பிக் காட்டுங்கள், அடுத்த தடவை அவர் திருப்புவதைப் பாருங்கள். நோயாளியிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், யார் வருகிறார், எவ்வளவு நேரம் இருப்பார் என்று. அப்புறம் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

அண்ணன் தங்கின முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பன்னிரண்டு மணிக்கு எழுந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் தலையணையைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான். அப்பா நல்ல கையால் தன் முதுகுப் பக்கத்தைக் காட்டி, "அங்க இல்லடா, இங்க" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.